கார்புரேட்டர் இடத்தில் இன்ஜெக்‌ஷன்

கேள்வி: கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு எலெக்ட்ரானிக் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனைச் சொந்தமாகப் பொருத்த முடியுமா?

பதில்: முடியும். அமெரிக்காவில் புரூஸ் பவ்லிங், அல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், வாங்குபவரே சால்டரிங் செய்து சேர்க்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியாக 2001இல் வந்தது. இன்ஜினின் சுழல்வேகம், மேனிஃபோல்டு அழுத்தம், காற்றின் வெப்பம் ஆகியவற்றை சென்சார்கள் சொல்ல, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று அது கணக்கிடுகிறது.

பழைய பம்ப் உதவாது. கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தமே அதிகம். இன்ஜெக்டருக்கோ சுமார் 3 பார் வேண்டும். குழாய்களும் அதைத் தாங்கியாக வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் தீ விபத்துதான்.

உண்மையான உழைப்பு பிறகே தொடங்குகிறது. வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்தபடி எரிபொருள் அட்டவணையைக் கட்டம் கட்டமாகத் திருத்த வேண்டும். சாதாரண ஓட்டத்தில் 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது அளவுகோல். முழு பாரம் இழுக்கும்போது பெட்ரோல் கூடுதலாகச் சேராவிட்டால் பிஸ்டன் சேதமாகக்கூடும்.