வேலியில் படர்ந்த மருந்து

சீனர் போற்றும் கொடியொன்றின் கனிக்கு 'ஊ வெய் ட்சு' என்று பெயர்; 'ஐஞ்சுவை விதை' என்பது அதன் பொருள். இனிப்பு, புளிப்பு, கசப்பு, உவர்ப்பு, கார்ப்பு ஆகிய ஐந்தும் அச்சிறு செங்கனியில் உள என்பர். இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் சீன மருத்துவர் அதனை வழங்குவர். சுவையைக் கொண்டு மருந்தின் குணம் அறியும் முறை தமிழர்க்கும் புதிதன்று; சித்த மருத்துவம் அறுசுவையை அடிப்படையாகக் கொண்டது. அதே நோய்களுக்குத் தமிழர் நாடிய செங்கனிக்கொடி தூதுவளை. தூதுளை என்றும் அதனை வழங்குவர்.

விருத்தாசலத்திற்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில், கொல்லைகளைக் காத்து நின்ற உயிர்வேலிகளே தூதுவளையின் இருப்பிடம். கிளுவையும் கள்ளியும் அதற்குக் கொழுகொம்பாயின. தனக்கென நிலமோ நீரோ கேளாத கொடி அது. தண்டிலும் இலையடியிலும் வளைந்த முட்கள், ஊதாப் பூ, அதன் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள், பசுமையாய்க் காய்த்துச் சிவந்து பழுக்கும் உருண்டைக் கனி. கத்தரியும் சுண்டையும் இதன் உறவினம். லின்னேயஸ் 1753இல் சூட்டிய 'சொலானம் ட்ரைலோபேட்டம்' என்னும் பெயர், மூன்று மடலுடைய இலையைச் சுட்டும். ஐந்து மடல் இலையும் அதே கொடியில் உண்டென்பது வேறு செய்தி!

இலையின் முள்ளை நீக்கி, நெய்யில் வதக்கி, மிளகும் புளியும் கூட்டித் துவையலாக அரைப்பர். மார்கழிப் பனியில் அது ரசமாகும். கோழையகற்றும் மருந்தென்று அறியாமலே சிறுவர் அதனை உண்டுவிடுவர். மருத்துவர் கையில் அதுவே 'தூதுவளை நெய்'.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்து, வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலை நிறுவிய வள்ளலார், நாள்தோறும் கொள்ளத்தக்க மூலிகைகளுள் தூதுளையை வைத்தார். கரிசலாங்கண்ணி, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றோடு அதன் இலையைச் சூரணமாக்கிப் பாலில் காய்ச்சிப் பருகுமாறு 'நித்திய கருமவிதி'யில் கூறினார். அரிதில் தேடிக் கொணரும் மூலிகை எதுவும் அப்பட்டியலில் இல்லை. சீரகம் ஒழிந்த மற்றவை ஏழையும் பறித்துக்கொள்ளத்தக்க இலைகளே.

இன்று உயிர்வேலி நின்ற இடங்களில் கம்பிவேலியும் சுற்றுச்சுவரும் எழுகின்றன. கொடி மட்டுமன்று, அதனை இனங்காணும் அறிவும் உடன் மறைகின்றது. கண்டங்கத்திரிக்கும் முள் உண்டு, ஊதாப் பூ உண்டு. எனினும் அது தரையில் படர்வது, மஞ்சளாய்ப் பழுப்பது. இவ்வேறுபாட்டை முன்னாளில் ஆடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். கடையில் பொட்டலமாக விற்கும் பொடிக்கு முள்ளுமில்லை, பூவுமில்லை. எந்த இலையின் பொடியென்று வாங்குவோர் பார்த்தறிய வழியுமில்லை. ஆதலின், நகரங்களில் சிலர் பழுத்த கனியின் விதையை உலர்த்தித் தொட்டியில் விதைத்து, கொடி ஏறுவதற்கு மாடிச்சுவரில் கயிறு கட்டுகின்றனர்.