பழவேற்காட்டில் முதல் இரவு

அன்புள்ள தங்கைக்கு,

அரையாண்டு விடுமுறையில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மாமாவோடு பழவேற்காட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கப்போகிறாயாம். நல்ல இடம்தான். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. பூநாரைகள் வந்திறங்கும் பருவமும் இந்த விடுமுறைக் காலம்தான். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் ஊர் வந்துவிடும்.

முதலில் பை. அதன் எடை உன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முதல் பயணத்துக்கு அதற்கும் குறைவாக இருப்பதே நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. ஏரித் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்க ஆகாது; அதனால் தண்ணீரைக் குறைக்காதே, துணியைக் குறை. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். கொசுவலை, டார்ச், போர்வை, ஒரு மாற்றுத்துணி, காயத்துக்குப் போடும் மருந்து போதும். செருப்பு மட்டும் வாருள்ளதாக இருக்க வேண்டும். ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் சிப்பி ஓடு பிளேடு மாதிரி அறுக்கும்.

அந்தச் சேற்றில்தான் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, படகும் இல்லை. பிடித்ததைப் போட ஒரு பறி, அவ்வளவுதான். எவ்வளவு குறைந்த பொருளோடு ஒரு நாளை ஓட்டலாம் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

அடுத்து, படகு. இதை மாமாவும் படிக்கட்டும்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறிய சுற்றுலாப் பயணிகளில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்கள்; உயிர்காப்பு உடை இல்லை. அதன்பின் அங்கே படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஏரியின் பெரும்பகுதியில் ஆழம் குறைவுதான். ஆனால் கடலோடு ஏரி கலக்கும் முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறும், நீரோட்டம் இழுக்கும். அந்த வழியாக நாள்தோறும் போய்வரும் மீனவர்களே காற்றும் நீரும் பார்த்துத்தான் படகைத் தள்ளுகிறார்கள். யாராவது “சும்மா ஒரு ரவுண்டு” என்று கூப்பிட்டால், மாமாவே ஆசைப்பட்டாலும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நீ. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைத்துப் பார். அவர்களும் பெரியவர்கள்தான்; துணைக்குப் பெரியவர்கள் இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது.

நீ போகும் டிசம்பர் புயல் மாதமும்கூட. புறப்படுவதற்கு முந்தைய நாள் வானிலை மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையைப் பார். கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களுக்கே கட்டுப்பாடு உண்டு. அந்தத் தேதியையும் விசாரித்துக்கொள்.

கரையில் நடக்கும்போது நீரில் நட்ட கழிகளையும் கட்டிய வலைகளையும் தொடாதே. எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை போடுவது என்று குப்பங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். அங்கே ஒரு கழி அசைந்தால் ஒரு வீட்டின் அன்றைய வருமானமே போகலாம். படம் எடுப்பதற்கு முன் கேள். கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களிடம் பேச்சுக் கொடு. பகலில் நேரமிருந்தால் டச்சுக் கல்லறையைப் பார்த்துவிடு. 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுப்பியவர்கள் விட்டுப்போனது அது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உன்னை வரவேற்கும்.

இருட்டியபின் மணல்கரையில் படுக்க வேண்டாம். தெரிந்தவர் வீடோ விடுதியோ, தங்கும் இடத்தைக் கிளம்புமுன்பே முடிவு செய்து, அதன் முகவரியையும் திரும்பும் ரயில் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடு. ராத்திரி சாப்பிட்டதும் வீட்டுக்கு ஒரு போன் போட மறக்காதே.

அன்புடன்,
அக்கா