'டிட்' இருந்தா 'வென்ட்' வேண்டாம்!

இன்டர்வியூவுக்குக் கிளம்புற பொண்ணோ, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற அம்மாவோ, யாரா இருந்தாலும் முதல்ல அந்த 12 டென்ஸ் அட்டவணையை மூடி வை தங்கச்சி. அதை ஒப்பிக்கத் தெரிஞ்சும், பேச வாயைத் திறந்தா திணறுறவங்களை நிறையப் பார்த்துட்டேன். நாம வழுக்குற இடம் அஞ்சாறுதான். அதை மட்டும் சரி பண்ணு.

1. 'டிட்' வந்தா வினை மாறாது. 'டிட் யூ ஏட்?', 'ஐ டிடன்ட் வென்ட்' எல்லாத்தையும் இன்னையோட விடு. நடந்து முடிஞ்சதுன்னு 'டிட்'டே சொல்லிடுச்சு, திரும்ப எதுக்கு? 'டிட் யூ ஈட்?', 'ஐ டிடன்ட் கோ'. 'டஸ்' வந்தாலும் இதே கதைதான்: 'ஷி டஸன்ட் கோ'. அங்கே 'கோஸ்' கூடாது.

2. 'நேத்து'ன்னா 'ஹேவ்', 'ஹேஸ்' வேண்டாம். தமிழ்ல 'நேத்தே வந்திருக்கார்'னு சொல்றோம். அந்தப் பழக்கத்துல 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே'ன்னு வந்துடுது. நேத்து, போன வாரம், 2019-லன்னு முடிஞ்ச நேரத்தைச் சொன்னா 'ஹி கேம் யெஸ்டர்டே'தான். நேரம் சொல்லாம வெறுமனே 'வந்திருக்கார்'னா 'ஹி ஹேஸ் கம்'.

3. எல்லாத்துக்கும் 'இங்' ஒட்டாதே. 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' தப்பு. 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்'. நோ, வான்ட், பிலாங் இதுக்கும் 'இங்' வராது. தெரியறதும் வேணும்கிறதும் செய்யற வேலை இல்லை, இருக்கிற நிலை. ஆனா, 'ஹேவிங் லன்ச்' சரி; சாப்பிடறது வேலைதானே!

4. 'அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்'. இதுக்கு 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. எவ்வளவு காலம்னா 'ஃபார்', எப்போதிருந்துன்னா 'சின்ஸ்'. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' வேண்டவே வேண்டாம்.

5. 'எப்போ'ங்கிற அர்த்தம் இல்லாத 'வென்' பக்கத்துல 'வில்' வைக்காதே. 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேன்'னா, 'வென் ஐ ரீச், ஐ வில் கால் யூ'. 'வில்' ஒரு தடவை போதும். 'இஃப்' போட்டாலும் அப்படித்தான்.

6. வினையோட மூணு வடிவத்தையும் அகரவரிசையில படிக்காதே. ஒரே மாதிரி ஒலிக்கிறதைச் சேர்த்துப் படி. சீக்கிரம் நாக்குல உட்காரும்.
   - மாறவே மாறாதவை: கட், புட், ஹிட், ஷட், காஸ்ட். 'கட்டட்', 'புட்டட்'னு சொல்லிடாதே.
   - மூணும் மாறுறவை: சிங்-சேங்-சங், டிரிங்க்-டிரேங்க்-டிரங்க்.
   - 'ஆட்'ல முடியறவை: பிரிங்-பிராட், டீச்-டாட், கேட்ச்-காட், திங்க்-தாட். இரண்டாவதும் மூணாவதும் ஒண்ணுதான்.
   - ஏமாத்துறது: ரீட். எழுத்து மாறாது, இறந்தகாலத்துல 'ரெட்'னு படிக்கணும்.

'எட்' சேராம இஷ்டத்துக்கு மாறுற வினைகள் மொத்தமே சுமார் 200. ஒரு நாளைக்கு 5 படிச்சா 40 நாள்ல முடிஞ்சுடும். புத்தகத்தோட உட்கார நேரமில்லையா? ராத்திரி பாத்திரம் கழுவும்போது, அன்னைக்கு நடந்ததை மூணு வாக்கியமா வாய்விட்டுச் சொல்லு: 'ஐ குக்ட். ஐ வென்ட் டு தி பேங்க். ஐ பாட் மில்க்.' மனசுக்குள்ள சொல்றது கணக்குல வராது. தப்பு வரும், வரட்டும்; திருத்திட்டு மேல பேசு. இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடு.