சில்லறைக் காசு: மீள்நிரப்பும்போது கணக்கில் பதிவது எவ்வாறு?

பால், துப்புரவுப் பொருட்கள், வாகனத் தரிப்பிடக் கட்டணம் போன்ற சிறு செலவுகளுக்காக வணிக நிலையங்களில் வைக்கப்படும் கைப்பணமே சில்லறைக் காசு ஆகும். தொகை சிறிதாயினும் பதிவு தவறினால் இரு தீங்குகள் நேரும். வரிக் கணக்கு பிழைபடும். பணம் குறையும்போது, பெட்டியைப் பொறுப்பேற்ற ஊழியர்மீது வீண் ஐயம் எழும்.

நிலையான தொகை

இவ்விரண்டையும் தவிர்க்க உதவுவது கட்டுநிதி முறை. உரிமையாளர் வங்கியிலிருந்து, உதாரணமாக, 200 டொலர் எடுத்து ஒரே ஊழியரின் பொறுப்பில் ஒப்படைக்கிறார். இது செலவு அன்று. பணம் இடம் மாறியது மட்டுமே. எனவே, ‘சில்லறைக் காசு’ என்னும் சொத்துக் கணக்கில் 200 டொலர் பதியப்படும். அதன்பின் எப்போது எண்ணினாலும், பெட்டியிலுள்ள பணமும் பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகையும் சேர்ந்து 200 டொலராக இருத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டு

பொருட்கள் சேவைகள் வரிக்குப் பதிவு செய்த ஒரு கடையில், மாத இறுதியில் பின்வரும் பற்றுச்சீட்டுகள் உள்ளன:

• துப்புரவுப் பொருட்கள்: 33 டொலர் (வரி 3)
• எழுதுபொருட்கள்: 44 டொலர் (வரி 4)
• வாகனத் தரிப்பிடம்: 11 டொலர் (வரி 1)
• பால், பழங்கள்: 18 டொலர் (வரி இல்லை)

மொத்தம் 106 டொலர். பெட்டியில் 94 டொலர் இருக்க வேண்டும். எண்ணியபோது 92 டொலரே உள்ளது. ஆகவே 108 டொலர் எடுத்துப் பெட்டி மீண்டும் நிரப்பப்படுகிறது.

பதிவு

வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறிய 108 டொலர் பின்வருமாறு பிரிக்கப்படும்:

1. துப்புரவு 30
2. எழுதுபொருட்கள் 40
3. வாகனத் தரிப்பிடம் 10
4. ஊழியர் சிற்றுண்டி 18
5. மீளப்பெறத்தக்க வரி 8
6. காசுக் குறைவு 2

‘சில்லறைக் காசு’ கணக்கு 200 டொலராகவே நிற்கும். அதில் எதையும் மாற்றவேண்டியதில்லை. குறைந்த 2 டொலரை மறைக்க வேறொரு சீட்டின் தொகையைக் கூட்டி எழுதுவதோ ஊழியரைத் தம் கைப்பணத்தை இடச்செய்வதோ முறையன்று. குறைவைக் குறைவென்றே எழுதினால்தான் அது மீண்டும் மீண்டும் நேர்கிறதா என்பதை அறிய முடியும்.

தவிர்க்கவேண்டிய பிழைகள்

• 108 டொலரையும் ஒரே செலவாக எழுதி, அதில் பதினொன்றில் ஒரு பங்கை வரியாகக் கோருதல். அவ்வாறு செய்தால் 8 டொலருக்குப் பதிலாக 9.82 டொலர் கோரப்படும். பால், பழங்கள் போன்ற அடிப்படை உணவுகளுக்கு இவ்வரி விதிக்கப்படுவதில்லை.
• சீட்டுகளைத் தனித்தனியே செலவாகப் பதிந்தபின், மீள்நிரப்பிய தொகையையும் செலவாகப் பதிதல். இதனால் ஒரே செலவு இருமுறை கணக்கில் ஏறும்.
• சீட்டின்றிப் பணம் கொடுத்தல். சீட்டு கிடைக்காத சிறு செலவாயின், நாள், நோக்கம், தொகை ஆகியவற்றை அன்றே எழுதி, பணம் பெற்றவர் கையொப்பமிட வேண்டும்.

ஆவணங்கள்

வரி உட்பட 82.50 டொலருக்கு மேற்பட்ட கொள்வனவுக்கு வரியை மீளக் கோர, வரி விலைப்பட்டியல் அவசியம். பொதுவாக ஆவணங்களை 5 ஆண்டுகள் பேணவேண்டும். பற்றுச்சீட்டுகளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடுவதால், அவற்றை உடனே தெளிவாகப் படமெடுத்து வைப்பது நன்று.

ஐயமிருப்பின், பதிவுபெற்ற வரி முகவரை அணுகலாம். அவுஸ்திரேலிய வரி அலுவலகத்துடன் தமிழில் உரையாட விரும்புவோர், மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.