நிற்காத விசையும் வாய்ப் புற்றும்



கிணற்று மோட்டாரைப் போட்டால், வயலுக்கு வேண்டிய நீர் பாய்ந்ததும் அதை நிறுத்துகிறோம். நிறுத்த முடியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் கிணறு வற்றும். மோட்டாரின் காயிலும் எரிந்துபோகும். நம் உடலிலும் இத்தகைய விசைகள் உண்டு. அவை நிற்காமல் போனால் என்ன நேரும், புகையிலை போடும் பழக்கத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விசைப் புரதம் என்றால் என்ன?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுவுக்குள் சில புரதங்கள் விசைபோல வேலை செய்கின்றன. குவானோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஜி.டி.பி., என்ற பொருளை இவை பற்றிக்கொள்கின்றன. இப்பொருளில் மூன்று பாஸ்பேட்டுகள் உள்ளன. நாம் பயிருக்கு இடும் மணிச்சத்தும் பாஸ்பேட்டுதான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஜி.டி.பி.யைப் பற்றியதும் விசை இயங்கும். சற்று நேரத்தில் அப்புரதமே ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிடும். இரண்டு பாஸ்பேட்டுகள் மட்டும் எஞ்சியதும் விசை தானாக நின்றுவிடும்.

மிரண்ட மாடு பாய்ந்து வரும்போது நெஞ்சு படபடப்பதும், ஆபத்து நீங்கியதும் அடங்குவதும் இவ்விசைகளின் துணையால்தான். இவற்றைக் கண்டறிந்த கில்மன், ராட்பெல் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இருவருக்கும் 1994-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெற்பயிரிலும் இவ்வகைப் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பழுதானால் பயிர் குட்டையாகிவிடும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் கண்டனர்.

காலராவில் நடப்பது

காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. இதனைக் கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே 1959-இல் மெய்ப்பித்தார். இந்நஞ்சு குடல் உயிரணுவில் உள்ள விசைப் புரதத்தைப் பூட்டிவிடுவதால், அது பாஸ்பேட்டை வெட்ட இயலாமல் இயங்கிக்கொண்டே இருக்கிறது. உடலின் நீரும் உப்பும் குடல் வழியே கொட்டுகின்றன. 1992-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் முதன்முதலாக ஒரு புதுவகைக் காலராக் கிருமி தென்பட்டது. கிருமி புதிது, ஆனால் நஞ்சு பழையதே.

நல்வேளையாக, குடலின் உட்பூச்சு சில நாட்களில் புதிதாக வளர்ந்துவிடும். அதுவரை உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் கொடுத்தும், தேவையானால் மருத்துவமனையில் நரம்பு வழியே நீரேற்றியும் உயிரைக் காக்கலாம். காலராவில் வெளியிலிருந்து வந்த நஞ்சு விசையைப் பூட்டுகிறது. விசையின் அமைப்பே மாறிவிட்டால், அது இவ்வளவு எளிதில் தீராது.

புற்றுநோயில் நடப்பது

உயிரணுவைப் பார்த்து ‘வளர், இரண்டாகப் பிரி’ என்று ஏவுகின்ற விசைக்கு ராஸ் புரதம் என்று பெயர். இதன் ஒருவகை 189 மணிகள் கோத்த மாலை போன்றது. அதில் 12-ஆவது மணி ஒன்று மாறினாலே பாஸ்பேட்டை வெட்டும் திறன் கெட்டுவிடும். அதன்பின் அந்த உயிரணு ஓயாமல் பெருகும். அதிலிருந்து பிறக்கும் உயிரணுக்களும் அதே பழுதுடனேயே பிறக்கும். விதையில் உள்ள கலப்பு விளைச்சலிலும் வருவது போன்றது இது.

புகையிலையைப் பதப்படுத்தும்போது நைட்ரோசமைன் என்னும் நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. இவை உயிரணுவின் மரபுப் பொருளில் ஒட்டி, இத்தகைய மாற்றங்களை உண்டாக்க வல்லவை. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்று வந்தவர்களைப் பம்பாயில் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட முடிவுப்படி, அவர்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் ராஸ் பழுது இருந்தது.

‘புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்’ என்று சிலர் கூறலாம். பாக்கும் புற்றை உண்டாக்கும் பொருளே என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்துள்ளது.

ஆயினும் ஒரே ஒரு பழுதினால் மட்டும் புற்று வந்துவிடுவதில்லை. பல ஆண்டுகளில் பல பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். ஆகவே, முப்பது ஆண்டுகள் போட்டவரும் இன்று நிறுத்தினால் அவருக்கு நன்மையே.

அடையாறு மருத்துவமனை

சென்னையில் மயிலாப்பூரைத் தாண்டி, அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால் அடையாறு வருகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால், 1954-இல் இங்குப் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்து 2021-இல் மறையும் வரை உழைத்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம் என்பதே டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து.

ராஸ் பழுதின் ஒரு வகையை நேரடியாக நிறுத்தும் முதல் மருந்துக்கு, 2021-இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் அப்போது நுரையீரல் புற்றின் ஒரு வகைக்கு மட்டுமே கிடைத்தது. எனவே வாய்ப் புற்றைப் பொறுத்தவரை மருந்தை எதிர்பார்த்துக் காத்திராமல், முன்கூட்டியே கண்டுகொள்வதே வழி.

செய்ய வேண்டியவை

1. மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் பக்கங்கள், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்கவும்.

2. வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டவும். வலி இல்லை என்று விட்டுவிட வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.

3. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையின் பல் பிரிவையோ அணுகவும். சதைப் பரிசோதனை செய்யச் சொன்னால் தயங்க வேண்டாம். கத்தி பட்டால் புற்று பரவும் என்பது தவறான எண்ணம்.

4. புகையிலை, பாக்கு, பீடி, சிகரெட், மது ஆகியவற்றைக் கைவிடவும். வயலில் வேலை செய்வோருக்குக் கூலியுடன் புகையிலை வாங்கித் தரும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தவும்.

5. வீட்டுப் பெண்களும் முதியோரும் வெற்றிலை போடுபவர்களாக இருந்தால் அவர்கள் வாயையும் பார்க்கவும்.

நெல்லில் குலைநோய்ப் புள்ளி ஒன்று கண்டாலும் அன்றே மருந்து தெளிக்க முனைகிறோம். ஆனால் வாயில் தோன்றும் திட்டை மட்டும் ‘அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும்’ என்று தள்ளிப் போடுகிறோம். நின்றுபோகாத விசை அறுவடை வரை காத்திருக்காது. எனவே உழவர் பெருமக்கள் இன்றே தம் வாயைச் சோதித்துப் பார்த்து, நோய் வருமுன் காத்து நலம் பெறுவார்களாக.