உள்ளத்துப் புண்ணும் அதன் மருத்துவமும்

பழைய ஏற்பாட்டில் இரண்டாம் சாமுவேலின் 13-ஆம் அதிகாரம் தேவாலயங்களில் மிக அருமையாகவே வாசிக்கப்படுகின்றது. தாவீது அரசனின் குமாரத்தி தாமார். அவள் தந்தைக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த அம்னோன் நோயுற்றவன்போல் நடித்து அவளை வரவழைத்தான். அவனுக்குப் பணியாரம் சுட்டுக்கொடுக்கச் சென்றவளை அவன் பலவந்தம் செய்து, பின்னர் வெறுத்துத் துரத்தினான். அவள் தலையிற் சாம்பலைப் போட்டுக்கொண்டு, அரசகுமாரிக்குரிய ஆடையைக் கிழித்து, வாய்விட்டு அழுதுகொண்டே போனாள். உடன்பிறந்த அப்சலோம் அவளுக்குச் சொன்ன ஆறுதல் யாதெனின், பேசாதிரு என்பதே. தந்தை கோபங்கொண்டார், ஆயினும் ஒன்றுஞ் செய்தாரில்லை. இரண்டாண்டு கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்வித்தான். இத்தனைக்கும் இடையில் தாமாரின் உள்ளம் என்னாயிற்று என்று வினவியவர் ஒருவருமிலர். அவள் தமையன் வீட்டிலே தனித்துக் கிடந்தாள் என்பதோடு அவள் செய்தி நின்றுவிடுகின்றது. அரசனின் கோபத்திற்கும் தமையனின் பழிக்கும் இடமிருந்த அக்குடும்பத்தில், அவளுடைய பேச்சுக்கு மட்டும் இடமில்லை. இத்தகைய புண் ஆறுமோ, ஆறுமெனின் எங்ஙனம் ஆறும் என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் வேண்டும். இக்கொடுமையை நம் பத்திரிகைகள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. கற்பு அழிந்தது எனின், குறை பட்டவளிடத்தது என்றாகின்றது. ஒருவன் வீட்டிற் கள்வன் புகுந்து பொருளைக் கவர்ந்தால், வீட்டுக்குடையவனின் நேர்மை அழிந்தது என்று எவரும் சொல்வதில்லை. கற்பென்பது ஒழுக்கமாயின், ஒருத்தியின் ஒழுக்கம் பிறனொருவன் செய்த குற்றத்தால் அழியுமாறு எங்ஙனம்? ஆதலின் அச்சொல்லை விலக்கிப் பாலியல் வன்கொடுமை என்றே ஈண்டு வழங்குகின்றோம். இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. நோயின் வேர் இதனோடு ஒட்டியிருப்பது பின்னர் விளங்கும். இக்கொடுமைக்கு ஆளாவோருள் சிறுவரும் ஆடவரும் உளர் என்பதையும் மறத்தலாகாது.

இனி நோயின் இயல்பைக் காண்போம். கொடுமைக்குட்பட்ட அனைவரும் நெடுநாள் நோயுறுவர் என்பதில்லை. பலர் காலத்தாலும் சுற்றத்தாரின் அன்பாலும் தேறுகின்றனர். வேறு சிலருக்கோ உடற்புண் ஆறிய பின்னும் உள்ளத்துப் புண் ஆறுவதில்லை. பல்லாண்டு கழிந்தும், ஒரு வாசனையோ ஓர் அடியோசையோ பழைய நிகழ்ச்சியை இப்பொழுதே நிகழ்வதுபோற் கண்முன் நிறுத்தும். உறக்கம் கெடும், தீக்கனாத் தோன்றும், சிற்றொலிக்கும் உடல் திடுக்கிடும். இவற்றிற்கு அஞ்சி, நினைவைத் தூண்டும் இடங்களையும் மனிதரையும் அவர்கள் விலக்கிச் செல்வர். விலகுந்தோறும் அச்சம் சிறிது தணியும். ஆயினும் இவ்விடத்தில் இன்று ஆபத்தில்லை என்று அறியும் வாய்ப்பும் அதனோடு போய்விடும். ஆகவே அவர்களுடைய உலகம் நாளுக்கு நாள் குறுகும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அது, 'இதற்கு நானே காரணம்' என்று அவர்கள் தம்மீதே எழுதிக்கொள்ளும் தீர்ப்பாகும். உலகத்தார் சொல்லும் சொற்கள் அத்தீர்ப்புக்குச் சான்றாக வந்து நிற்கும்.

மருத்துவர் இந்நோயை அறிந்தும் மறந்தும் வந்த வரலாறு வருந்தத்தக்கது. 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வியன்னா நகர மருத்துவர் அவையில் சிக்மண்டு பிராய்டு என்பார் ஹிஸ்டீரியா நோயுடையார் 18 பேரைப் பற்றிப் பேசி, இளமையில் நேர்ந்த பாலியல் நிகழ்ச்சிகளே அந்நோயின் வேர் என்றார். அவையினர் அதனை ஏற்கவில்லை. மறு ஆண்டிலேயே அவரும் அக்கொள்கையினின்று விலகலானார். முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னர், அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆன் பர்ஜெஸ் என்னும் செவிலியும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்னும் சமூகவியல் அறிஞரும், ஓராண்டுக்காலத்தில் வன்கொடுமைக்குட்பட்டு அங்கே வந்த 146 பேரைக் கண்டு கேட்டறிந்தனர். தாம் கண்டவற்றை 1974-இல் வெளியிட்டனர். 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பின் தோன்றும் இந்நிலையைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. 1992-இல் ஜூடித் ஹெர்மன் என்னும் மருத்துவ அம்மையார் தம் நூலில், நலம்பெறுதலின் மூன்று படிகளை வகுத்தார். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது நினைந்து துயருறுதல், மூன்றாவது மீண்டும் மனிதரோடு உறவுகொள்ளுதல். பாதுகாப்பின்றி இருப்பவரைப் பழையதைச் சொல்லுமாறு தூண்டுதல் தீங்காய் முடியும் ஆதலின், இம்முறைவைப்பு கருதத்தக்கது.

மேற்கூறிய தவறான தீர்ப்பையே நேராக எடுத்து ஆராயும் மருத்துவமுறை ஒன்றைப் பாட்ரிசியா ரெஸிக் என்னும் உளநூலறிஞர் அமைத்தார். வன்கொடுமைக்குட்பட்ட மகளிர்க்கென்றே முதலில் வகுக்கப்பட்ட இம்முறை, பெரும்பாலும் 12 அமர்வுகளில் முடிவது. நோயாளர் தம் துன்பத்தைப் பற்றித் தாம் கொண்டுள்ள எண்ணங்களை எழுதிக்கொணர்வர். அவற்றுள் எது அவரை மேலே செல்லவிடாது தடுத்து நிறுத்துகின்றதோ, அதனை மருத்துவர் வினாக்களால் ஆராய்வர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். 'நான் கூவவில்லை; ஆகையால் நானும் உடன்பட்டவளே' என்று ஒரு பெண் இருபதாண்டாக நம்பியிருக்கின்றாள் என்க. மருத்துவர் அவளோடு வழக்காடுவதில்லை. 'அப்படி நினைக்காதே' என்று வாயடைப்பதுமில்லை. "அம்மா, அப்பொழுது உங்களுக்கு வயதென்ன?" என்று கேட்கின்றார். "ஒன்பது." "அவர் யார்?" "வீட்டார் எல்லாரும் மதித்த உறவினர்." "கூவியிருந்தால் யார் வந்திருப்பார்?" "ஒருவருமில்லை." "கூவ முயன்றீர்களா?" "வாய் எழவில்லை, உடல் கல்லாய்விட்டது." பேரச்சத்தில் உடல் அசைவற்று உறைந்துபோதல் உயிர்களின் இயல்பு என்பதும், அது உடன்பாடாகாது என்பதும் அப்பொழுது அவளுக்கு எடுத்துரைக்கப்படும். "ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இன்று உங்கள்முன் நின்று இதனையே சொன்னால், அவளைக் குற்றவாளி என்பீர்களா?" இவ்வினாவிற்கு அவள் கூறும் விடையே மருந்தாகின்றது. பிறர் கொடுத்த ஆறுதலை மனம் மறுத்துவிடும். தானே ஆராய்ந்து கண்ட உண்மையை மறுத்தல் அரிது. பின்வரும் அமர்வுகளில் பாதுகாப்பு, நம்பிக்கை, ஆற்றல், மதிப்பு, நெருக்கம் என்னும் ஐந்து பொருள்களிலும் இவ்வாராய்ச்சி நிகழும். நடந்ததனை விரிவாக எழுதும் பகுதி இல்லாமலும் இம்முறை பயன் தருகின்றது என்று 2008-இல் வெளியான சோதனை காட்டிற்று.

நிற்க. இது செல்வமும் மருத்துவரும் மிகுந்த நாட்டுக்கன்றோ ஏற்கும் என்பார் உளர். அவர்க்குக் காங்கோ நாட்டின் கீழ்ப்பகுதி விடை கூறும். அங்கே ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்த போர்களில் மகளிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமை உலகறிந்தது. பெந்தெகொஸ்தே சபைப் போதகர் ஒருவரின் குமாரராகிய மருத்துவர் டெனிஸ் முக்வேகே, 1999-இல் புகாவு நகரிற் பான்சி மருத்துவமனையை நிறுவினார். உடலுக்கு மருத்துவம் செய்வதோடு, உள்ளத்திற்கு ஆறுதலும் வழக்குக்கு உதவியும் பிழைப்புக்கு வழியும் ஒருங்கே தேடித்தந்தார். இப்பணிக்காக 2018-ஆம் ஆண்டின் நோபெல் அமைதிப்பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அந்நாட்டுக் கீழ்ப்பகுதியிலேயே ரெஸிக் முறையைச் சோதித்த செய்தி 2013-இல் வெளியாயிற்று. 7 கிராமங்களில் 157 பெண்கள் இம்மருத்துவத்தைப் பெற்றனர். 8 கிராமங்களில் 248 பெண்கள் தனித்தனியே ஆறுதலும் துணையும் பெற்றனர். பலர் எழுத்தறியாராதலின், எழுதுவதற்கு மாறாகப் பாடங்களை எளிதாக்கி மனத்திற் பதித்துக்கொள்ளச் செய்தனர். ஓர் அமர்வு தனியே. எஞ்சிய 11 அமர்வுகள் ஆறெண்மர் கூடிய சிறு குழுவில். நிகழ்ச்சியை எவரும் விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை. நடத்தியவர் பட்டம்பெற்ற மருத்துவரல்லர்; தொடக்கக்கல்விக்குமேல் நான்காண்டேனும் கற்றுப் பயிற்சிபெற்ற உள்ளூர்ப் பெண்களே. ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபொழுது, மனச்சோர்வோ பெருங்கவலையோ உடையராய்க் கருதத்தக்கவர் ஆறுதல் பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர். மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு 9 பேர். இறுதிவரை எல்லாச் சோதனைகளுக்கும் வந்தவர் ஒரு வகுப்பில் நூற்றுக்கு 65, மற்றொன்றில் 52 ஆதலின், இவ்வெண்களை அளவோடு கொள்ளல் வேண்டும். ஆயினும் நாம் கற்கும் பாடம் தெளிவு. அன்பான ஆறுதலும் பயன்தந்தது. அன்போடு முறையுஞ் சேர்ந்தபொழுது பயன் பன்மடங்காயிற்று. அம்முறையை எளியவரும் கற்றுக்கொள்ளக் கூடும்.

இம்மருத்துவத்திற்கும் எல்லைகள் உண்டு. அது நிகழ்ந்ததை நிகழாததாக்குவதில்லை; நினைவு இருக்கும், ஆயின் அதன் நச்சுப்பல் உதிரும். அது நீதிமன்றத்திற்கு மாற்றாவதுமில்லை. மனவசியத்தால் மறந்தவற்றைத் தோண்டியெடுப்போம் என்பாரை விலக்குக. அவ்வழியில் இல்லாத நினைவுகளும் எழக்கூடும். நம் சபையாரிடை வழங்கும் ஒரு பிழையையும் சுட்டவேண்டியிருக்கின்றது. துன்பமுற்றவர் வாய்திறந்தவுடனே, 'மன்னித்துவிடு, ஜெபித்து மறந்துவிடு' என்பர் சிலர். ஜெபத்தின் ஆற்றலை நாம் மறுப்பவரல்லேம். ஆயினும் புண்ணைக் கழுவுமுன் கட்டிவிடுதல் எந்த மருத்துவமும் ஆகாது. மன்னிப்பு பட்டவரின் உரிமை. பிறர் தம் வசதிக்காக அவரிடம் வாங்கிக்கொள்ளும் வரியன்று. அப்சலோம் சொன்னதும் அன்பினாலேயே. அவ்வன்பு தாமாரைத் தனிமையில் அடைத்தது.

மாணவ நண்பர்காள், நம் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் இச்சுமையைச் சுமந்து நடப்பவர் இருக்கலாம். ஒருநாள் அவர் நம்மிடம் வாய்திறப்பாராயின், நாம் செய்யத்தக்கவை சிலவே. இடையிற் பேசாது கேட்க வேண்டும்; நம்ப வேண்டும்; 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று கேளாதிருக்க வேண்டும். பிறரிடம் பரப்பாதிருக்க வேண்டும். பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராயின், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறைக்கு அறிவித்தல் நம் கடமை. ஆதலின் மறைத்துவைப்பதாக வாக்களிக்கலாகாது. பின்னர்ப் பயிற்சிபெற்ற ஒருவரிடம் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணில் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கின்றது. நாம் மருத்துவராதல் வேண்டா. கதவைத் திறப்பவராதல் போதும். தம் வாழ்வில் இத்துன்பத்தைக் கண்டோர் இதனை வாசிப்பாராயின், அவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: உங்கள்மீது எழுதப்பட்ட தீர்ப்பு பிழையானது, அதனை மறுபடியும் ஆராய இன்று முறையும் உண்டு, துணையும் உண்டு. தாமாருக்குக் கிட்டாத செவி உங்களுக்குக் கிட்டுவதாக.