இணையவழிப் பாடமும் வகுப்பறையும்

நுழையும்முன்

ஆசிரியரைத் தேடி மாணவர் சென்ற காலம் உண்டு. இன்று ஆசிரியரின் விரிவுரை மாணவரின் கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. விரிவுரை வீடுதேடி வந்துவிட்ட பிறகு பல்கலைக்கழக வகுப்பறைக்கு என்ன பணி எஞ்சுகிறது? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

திறந்த கதவு

பல்கலைக்கழக விரிவுரை நெடுங்காலம் அதன் சுற்றுச்சுவருக்குள்ளேயே ஒலித்து வந்தது. இடம் கிடைத்தவரும் கட்டணம் செலுத்த இயன்றவருமே அதைக் கேட்க முடிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. எனப்படும் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், தன் பாடக்குறிப்புகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில் இணையத்தில் வெளியிடப்போவதாக 2001இல் அறிவித்தது. நம் நாட்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. அக்கழகங்களில் இடம் பெறாத மாணவரும் அங்குள்ள பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்கும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைச் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் இணையவழியில் நடத்தினர். ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். மறு ஆண்டில் உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய தளங்கள் பாடங்களை வழங்கத் தொடங்கின. இனிப் பல்கலைக்கழகமே தேவைப்படாது என்றுகூடச் சிலர் கருதினர்.

ஆனால், ஸ்டான்ஃபோர்டு பாடத்தை நிறைவு செய்தவர் ஏறத்தாழ 23,000 பேர். எந்த வகுப்பறையும் ஒரே பருவத்தில் இத்தனை பேருக்குக் கற்பித்ததில்லை. அவ்வகையில் இது பெருஞ்சாதனையே. எனினும், பதிந்தவருள் ஏழில் ஒருவரே இறுதிவரை நின்றார் என்பதும் உண்மை. கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே சென்று நிலைத்துப் பயில்வது வேறு.

ஒரே பல்கலைக்கழகம், இரு முயற்சிகள்

இவ்வேறுபாட்டைக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் தெளிவாகக் காணலாம். 2012இல் அங்கு மின்சுற்றுப் பாடத்தின் ஒரு பிரிவில் எம்.ஐ.டி.யின் காணொலிகள் பயன்படுத்தப்பட்டன. மாணவர் அவற்றை வீட்டில் பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்தனர். வகுப்பு நேரத்தில் விரிவுரை இல்லை. அவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து கணக்குகளுக்குத் தீர்வு கண்டனர். ஆசிரியர் இடையிடையே சென்று உதவினார். வழக்கமான முறையில் பயின்ற பிரிவுகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கும் குறைவாகவே தேர்ச்சி பெற்றிருக்க, இப்பிரிவில் 91 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர்.

2013இன் தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகம் மூன்று கணிதப் பாடங்களை முழுவதும் இணையவழியில் நடத்தியது. வழிகாட்டிகள் இருந்தனர்; ஆனால், அவர்களும் இணையத்திலேயே இருந்தனர். மூன்று பாடங்களிலும் தேர்ச்சி, வகுப்பறை மாணவரின் தேர்ச்சியைவிடக் குறைந்தது. பதிந்தவருள் முன்பே அப்பாடத்தில் தோற்றவர் இருந்தனர். பள்ளி மாணவர் சிலருக்குக் கணினி வசதியும் இல்லை. அடுத்து வந்த கோடைப் பருவத்தில் தேர்ச்சி உயர்ந்தது. அப்பருவத்தில் பயின்றவருள் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்.

இம்முடிவுகள் ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. கற்கும் முறையை முன்பே அறிந்தவருக்கு இணையவழிப் பாடம் பெருந்துணை. அம்முறையை இனிமேல்தான் பழக வேண்டியவருக்கோ, அருகில் ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

பேராசிரியர்களின் ஐயம்

அதே ஆண்டில், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் ‘நீதி’ குறித்த இணையவழிப் பாடத்தைப் பயன்படுத்துமாறு சான் ஹோசே மெய்யியல் துறையினரிடம் கூறப்பட்டது. அவர்கள் மறுத்து, சாண்டலுக்குத் திறந்த மடல் எழுதினர். வசதி படைத்த பல்கலைக்கழகத்தில் பயில்வோர் பேராசிரியரோடு நேரில் உரையாடுவர்; பிறர் அவ்வுரையாடலின் பதிவைத் திரையில் பார்ப்பர். இவ்வாறு உயர்கல்வி இரு தரமாகப் பிரிந்துவிடும் என்பது அவர்களது அச்சம். அனைவருக்கும் கல்வி என்னும் நோக்கில் திறக்கப்பட்ட கதவு, சிலருக்கு ஆசிரியரும் பலருக்குத் திரையும் என முடிந்துவிடலாகாது என்னும் எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

நம் நாட்டில்

2017இல் ‘ஸ்வயம்’ என்னும் தளத்தை இந்திய அரசு தொடங்கியது. காணொலி, படிப்பதற்கான பாடப்பொருள், தன்மதிப்பீடு, ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல் ஆகிய நான்கும் அதன் பாடங்களில் உண்டு. ஒரு பருவத்திற்குரிய ‘கிரெடிட்’ எனப்படும் பாடப்புள்ளிகளில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் நிரலாக்கம், தரவு அறிவியல் ஆகியவற்றில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிமுகப்படுத்தியது. பாடங்கள் இணையத்தில் நடந்தாலும், அதன் தேர்வுகளை மாணவர் தேர்வு மையத்திற்கு நேரில் சென்றே எழுதுகின்றனர்.

மாறும் பணி

கரும்பலகையில் எழுதுவதை ஏட்டில் படியெடுப்பதே கற்றல் எனக் கருதிய வகுப்பறைக்கு இணையவழிப் பாடம் விடை கொடுத்து வருகிறது. செய்தியைச் சொல்லும் வேலையைக் காணொலி ஏற்றுக்கொள்ளும். மாணவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என அவர் முகம் கண்டு உணர்வதும், அவர் கேட்கத் தயங்கும் வினாவைக் கேட்கத் தூண்டுவதும் ஆசிரியரின் பணியாகத் தொடரும். ஆசிரியரின் தேவை குறையவில்லை. எங்குத் தேவை என்பதே தெளிவாகியுள்ளது.

இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் கல்லூரியில் பயில்வீர்கள். உலகின் சிறந்த விரிவுரைகள் உங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். அவற்றைத் தொடங்குவது எளிது. நேரம் ஒதுக்கிப் பயின்று, புரியாததைக் குறித்துக்கொண்டு, அவ்வினாவுடன் ஆசிரியரிடம் செல்லுங்கள். அவ்வினாவைக் கொண்டு செல்லும் மாணவருக்கு இணையமும் வகுப்பறையும் இரு கண்களாக விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. பத்து நிமிடக் காணொலிப் பாடம் ஒன்றைக் கண்டு, அதில் உங்களுக்குப் புரியாத மூன்று இடங்களை வினாக்களாக்கி வகுப்பில் கலந்துரையாடுக.

2. ‘சிலருக்கு ஆசிரியர், பலருக்குத் திரை’ என்னும் நிலை ஏற்படாதிருக்க அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியன குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.